பியாசா என்று சொன்ன மீட்டர்

தைப்பிங்கிற்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏரிப் பூங்காவைச் சுற்றிவிட்டு, மழையில் கொஞ்சம் நனைந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாத்தாங் வழியாக மேற்கே அரை மணி நேரத்துக்கும் குறைவாகக் காரை ஓட்டினால் போதும், சாலை முடிந்து ஆறு தொடங்கும் ஓர் ஊர் வந்துவிடும். இப்போது அதன் பெயர் கோல செப்பெத்தாங். பழைய ஆட்கள் இன்னமும் போர்ட் வெல்ட் என்றுதான் சொல்வார்கள்.

நம் நாட்டின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தூரம். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. அப்போது நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் ஆளுநராக இருந்த சர் ஃபிரடெரிக் வெல்டின் பெயரைத்தான் துறைமுகத்துக்கு வைத்தார்கள். தண்டவாளம் இன்று இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. ரோமன் எழுத்து, ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். சீன மீனவர் ஊரின் நடுவே நம் எழுத்தைப் பார்க்கும்போது மனம் ஒரு நிமிடம் நின்றுதான் போகிறது.

நாங்கள் அன்று போனது மீன் பிடிக்க. தைப்பிங்கில் லாரி இஞ்சின் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான்தான் அழைத்துப் போனார். அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர் இங்கே படகு வைத்திருக்கிறார். எழுபது வயதைத் தொட்ட சீனர். நாங்கள் அவரை அங்கிள் என்போம். அவர் மச்சானை 'பாஸ்' என்பார். பேச்சு முழுவதும் மலாயில்.

படகு பத்து மணிக்கு. நாங்கள் எட்டு மணிக்கே போய்விட்டதால் முதலில் கரி சூளையைப் பார்க்கப் போனோம்.

மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே முறைபோட்டு மரம் வெட்டுகிறார்கள். ஒரு பகுதியில் வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட 30 ஆண்டு ஆகும். வெட்டிய பாக்காவ் மரங்களைப் படகில் ஏற்றி, தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து, கால்வாய் வழியாகச் சூளை வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அத்தாப்புக் கூரைக்குக் கீழே செங்கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய சூளைகள் வரிசையாக, கவிழ்த்து வைத்த பெரிய பானைகள்போல உட்கார்ந்திருக்கின்றன. பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நிற்கவைத்து அடுக்குகிறார்கள். நெருப்பு எரிவது சூளையின் வாயில் மட்டும்தான். உள்ளே இருக்கும் கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். ஒரு சூளை கரியாகி ஆறி வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம்.

இத்தனை நாள் நடக்கும் வேலைக்கு உள்ளே சூடு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? சூளையின் பக்கத்தில் விட்டிருக்கும் துவாரத்தில் வரும் புகையைப் பார்த்து, அதன் வாடையை வைத்து. எப்போது நெருப்பைக் குறைப்பது, எப்போது வாயை அடைப்பது என்பதெல்லாம் அந்தப் புகையில் இருக்கிறது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம், "தப்பாகிவிட்டால்?" என்று கேட்டேன். அவர் பக்கத்துச் சூளையிலிருந்து எடுத்த இரண்டு கரிக் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். உலோகம்போலக் கணீரென்றது. "சூளையைத் திறந்ததும் கரியே சொல்லிவிடும். வேகாத கட்டை இப்படிச் சத்தம் போடாது" என்றார்.

இந்தப் பதிலின் அருமை அன்று மாலைதான் எனக்குப் புரிந்தது.

ஜெட்டியை விட்டுப் புறப்பட்டபோது தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் பலகை வீடுகள், மீன் இறக்கும் மேடைகள், பிறகு வெறும் பாக்காவ் காடு. வேர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கின்றன. மேலே செம்பருந்துகள் வட்டமிட்டன. நம்மவர்கள் கருடன் என்று கைகூப்பும் அதே பறவைதான். வழக்கப்படி நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கண்ணைக் கீழே இறக்கியபோதுதான் மீட்டரைப் பார்த்தேன். சுக்கானுக்குப் பக்கத்தில், இஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் 105ஐத் தாண்டி 110ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. காரில் இப்படி ஏறினால் ஓரங்கட்டிவிடுவோம். அங்கிளிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பியாசா லா" என்றார். வழக்கம்தான். ஒரு வருடமாக அது அப்படித்தான் காட்டுகிறதாம்.

மச்சான் எதுவும் பேசவில்லை. முதலில் படகின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். புகைக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டு விட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. "தண்ணீர் நன்றாக வருகிறது" என்று சொல்லிவிட்டு இஞ்சின் மூடியைத் திறந்தார்.

லாரியில் ஓடிய டீசல் இஞ்சின் அது. லாரியில் ரேடியேட்டரும் காற்றும் சேர்ந்து இஞ்சினைக் குளிரவைக்கும். படகில் அந்த வேலையை ஆற்றுத் தண்ணீர் செய்கிறது. இஞ்சினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர். வெளியிலிருந்து ஒரு பம்பு ஆற்றுத் தண்ணீரை இழுத்து, மெல்லிய குழாய்கள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் அந்த நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து வெளியே தள்ளிவிடுகிறது. சேறும் இலையும் பிளாஸ்டிக் பையும் மிதக்கும் ஆற்றில் வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் கிழிந்தாலோ பின்னால் வரும் தண்ணீர் குறையும். அதனால்தான் மச்சான் முள்ளை நம்புவதற்கு முன் தண்ணீரைப் பார்க்கப் போனார்.

பையிலிருந்து துப்பாக்கிபோல நீட்டிப் பிடிக்கும் சூடு பார்க்கும் கருவியை எடுத்தார். தெர்மோஸ்டாட் இருக்கும் இரும்புக் கூட்டின்மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் அடித்துப் பார்த்தார். பளபளக்கும் உலோகத்தில் நேராக அடித்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டுமாம். 79 டிகிரி என்று காட்டியது. இப்படி நல்ல தண்ணீர் சுற்றும் இஞ்சினுக்கு 80, 85 என்பது ஆரோக்கியமான சூடு.

"பொய் சொல்வது மீட்டர்தான், இஞ்சின் நன்றாக இருக்கிறது" என்றார் மச்சான்.

"நான்தான் சொன்னேனே" என்றார் அங்கிள், வெற்றிச் சிரிப்போடு.

"சரி அங்கிள். இன்றைக்குப் பொய். என்றைக்காவது உண்மையாகவே 110 வந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கிள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார்.

சில வருடங்களுக்கு முன், வேறோர் இஞ்சின் இருந்த காலத்தில், பேரனை அழைத்துக்கொண்டு இரவு மீனுக்குப் போயிருக்கிறார். முள் அன்று 70ஐத் தாண்டவே இல்லை. அவரும் நிம்மதியாக இருந்தார். திடீரென்று எரிந்த வாடை, ஒரு கடகட சத்தம், இஞ்சின் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் நல்ல தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்து, தண்ணீர் முழுவதும் படகின் அடியில் கிடந்தது. தண்ணீர் வற்றும் நேரம். ஆற்று முகத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கைப்பேசி எடுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையைக் கொசுக்கடியில் மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். "அன்றையிலிருந்து எனக்கு எந்த மீட்டர்மேலும் நம்பிக்கை இல்லை. என் காதும் மூக்கும் போதும்" என்றார்.

மச்சானுக்குப் புரிந்துவிட்டது. "அன்று மீட்டர் கெட்டுப்போகவில்லை அங்கிள். சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீருக்குள் முழுகியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் ஓடிப்போனதும் அது வெறும் காற்றில் தொங்கியிருக்கும். இரும்பு பழுக்கும்போதுகூட அது தன்னைச் சுற்றி இருந்ததைத்தான் சொன்னது."

கூட்டிக் காட்டும் மீட்டரைவிடக் குறைத்துக் காட்டும் மீட்டர் ஆபத்தானது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மச்சான் சொன்னது வேறு. கூட்டிக் காட்டும் மீட்டரும் கடைசியில் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். தினமும் பொய்யாக அலறினால், ஒரு நாள் உண்மையாக அலறும்போது நாம் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

மதியம் தண்ணீர் நன்றாக வற்றிவிட்டது. சேற்றில் நண்டுகளும் துள்ளும் சேற்று மீன்களும் வெளியே வந்துவிட்டன. ஒரு சின்ன ஆற்றுக் கிளையில் நங்கூரம் போட்டோம். தண்ணீர் ஏறும்வரை மூன்று மணி நேரம் எங்கும் போக முடியாது. தூண்டிலில் இரண்டு கெளுத்தி மட்டும்தான். மச்சான் டூல்ஸ் பையைத் திறந்துவிட்டார்.

முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. சாவியைத் திருப்பி வைத்து, சென்சரில் மாட்டியிருக்கும் ஒற்றை வயரைக் கழற்றினார். முள் கீழே, குளிர்ந்த பக்கத்துக்கு ஓடியது. அதே வயரின் முனையை இஞ்சின் இரும்பில் ஒரு கணம் தொட்டார். முள் மேலே, சூட்டின் எல்லைக்குப் போனது. "மீட்டருக்கு உயிர் இருக்கிறது, வயரும் அறுந்து போகவில்லை" என்றார். சென்சருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். தடை குறையும்போது முள் ஏறும். வயரைக் கழற்றினால் தடை எல்லையில்லாதது, எனவே குளிர். இரும்பில் தொட்டால் தடையே இல்லை, எனவே கொதி. வயர் இணைப்பில் துரு ஏறினால் தடை கூடி, முள் குறைத்துக் காட்டும். சென்சரின் மரையில் தண்ணீர் கசியாமலிருக்க வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் அப்படித்தான். அது எர்த் பிடிப்பதே அந்த மரை வழியாகத்தானே.

அடுத்தது சென்சர் சோதனை. இஞ்சின் கைபட ஆறும்வரை காத்திருந்தார். சூடாக இருக்கும்போது தண்ணீர் மூடியையோ சென்சரையோ திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இதை மட்டும் என்னிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு சென்சரைக் கழற்றி, கோப்பிக்கு வைத்திருந்த கேத்தலில் அதன் மூக்கை முக்கினார். அதன் உடலிலிருந்து இஞ்சின் இரும்புக்கு ஒரு வயர், தலையிலிருந்து மீட்டருக்கு ஒரு வயர். கடல் மட்டத்தில் தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். கைக்கு எட்டும் தூரத்தில் இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது. கேத்தல் தளதளவென்று கொதித்தது. முள் 120ஐத் தாண்டி நின்றது.

"சென்சரை மாற்றிவிடலாமா?" என்றேன். அவசரப்படக் கூடாது என்றார். எந்தச் சென்சரும் எந்த மீட்டருக்கும் பொருந்தாது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் தடைக் கணக்கு வேறு. கடையில் மரை பொருந்துகிறதே என்று வேறொன்றை வாங்கி மாட்டி, புதுப் பொய்யை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் நிறைய. ஆனால் இந்தப் படகில் இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒன்றாக வாங்கியவை.

அந்த நேரத்தில் படகின் அடியில் சேர்ந்த தண்ணீரை வெளியேற்ற அங்கிள் பம்பு சுவிட்சைப் போட்டார். முள் மேலும் ஏறியது. பம்பை நிறுத்தினார், இறங்கியது. கேத்தலில் கொதிப்பது அதே தண்ணீர், முள் மட்டும் ஆடுகிறது. இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது கண்ணில் பட்டது. "மச்சான், பம்பு ஓடினால் முள் ஏறுகிறது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பம்பைப் போடச் சொன்னார். பிறகு ரேடியோவை நிறுத்தச் சொன்னார். முள் கொஞ்சம் இறங்கியது. உடனே மீட்டர் பலகையைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பினார். மீட்டர், ரேடியோ, பம்பு, விளக்குகள் எல்லாவற்றின் எர்த் வயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டதும் மாவாக உதிர்ந்தது. உப்புக் காற்றின் வேலை. மல்ட்டி மீட்டரின் ஒரு முனையை அந்த முறுக்கிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்தார். பம்பு ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கும் மேல் காட்டியது. நல்ல எர்த் என்றால் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும்.

இத்தனை கருவிகளின் மின்சாரமும் அழுகிய ஒரே வழியாகத் திரும்பப் போக முடியாமல் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த நெருக்கடியைத்தான் முள் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை முறை சென்சரை மாற்றியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது.

மச்சான் அழுகிய முறுக்கை வெட்டி எறிந்தார். மற்ற வயர்களைச் சுத்தம் செய்து புதிதாக இணைத்தார். மீட்டருக்கு மட்டும் தனியாக ஒரு புது எர்த் வயரை இழுத்து, இஞ்சின் இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி அங்கே முறுக்கினார். கேத்தலை மறுபடி கொதிக்க வைத்தோம். முள் 100ல் வந்து நின்றது. பம்பைப் போட்டோம், அசையவில்லை. அதே தண்ணீரில் கோப்பி போடலாமா என்று அங்கிள் கேட்டார். வேண்டாம் என்று விட்டோம்.

சென்சரை இடத்தில் பொருத்தி, உள்ளே காற்று தங்காமல் நல்ல தண்ணீரை நிரப்பி, இஞ்சினை ஓடவிட்டோம். முள் 80ல் நின்றது. டேப்பின்மேல் அடித்துப் பார்த்தால் 79.

அங்கிள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூளைக்காரனுக்கு மீட்டர் இல்லையே, மூக்குதானே?" என்றார், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

காலையில் கேட்ட கணீர் சத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது. சூளைக்காரரின் மூக்கை நாம் நம்பலாம். ஒவ்வொரு மாதமும் சூளையைத் திறக்கும்போது கரி அவருக்குச் சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறது. அவருடைய மூக்கு அப்படி மாதாமாதம் பரீட்சை எழுதித் தேறிய மூக்கு. அங்கிளின் மீட்டர் ஒரு வருடமாகப் பரீட்சையே எழுதவில்லை. தட்டிக்கொடுத்துப் பாஸ் போட்டுவிட்டார். மூக்கோ முள்ளோ, வேறொன்றோடு ஒத்துப்பார்க்காத எதையும் நம்பவும் கூடாது, நம்பாமல் ஒதுக்கவும் கூடாது. இதை என் மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அங்கிள் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, மொழிக்காக இரக்கப்பட்டாரா, தெரியவில்லை.

மச்சான் இன்னொன்றும் சொன்னார். மீட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதோடு சம்பந்தமில்லாத தனிச் சென்சரில் ஓர் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும். வலையில் கவனமாக இருப்பவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். அலாரம் காதைத் தேடி வரும். புகைக் குழாய்ப் பக்கத்தில் சூட்டைப் பார்க்கும் அலாரம் இன்னும் நல்லது. ஆற்றுத் தண்ணீர் நின்றால் முதலில் சுடுவது அந்தக் குழாய்தான். அடுத்த வாரமே பட்டறைக்கு வந்து வாங்கிக்கொள்வதாக அங்கிள் சொன்னார். பேரன் மறுபடி மீனுக்கு வர ஆசைப்படுகிறானாம். மகள்தான் விடுவதில்லையாம்.

தண்ணீர் ஏறியதும் புறப்பட்டோம். இருட்டத் தொடங்கியது. ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்கள் நிற்கும் ஓரிடத்தில் அங்கிள் வேகத்தைக் குறைத்து விளக்குகளை அணைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் ஒரு மரம் முழுவதும் மின்மினிகள், ஒரே தாளத்தில் அணைந்து எரிந்தன. யாரும் பேசவில்லை. பார்க்கப் போகிறவர்கள் நிலவில்லாத இரவாகப் பார்த்துப் போங்கள், கைப்பேசி வெளிச்சத்தை அடியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஊர் திரும்பினால் கடைகளில் இறால் போட்ட கறி மீ கிடைக்கும். அதற்கும் வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிள் விளக்குகளை மறுபடி போட்டார். போட்ட கையோடு குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் 80லேயே இருந்தது. பிறகு எழுந்து பின்பக்கம் போய், புகைக் குழாயிலிருந்து வரும் தண்ணீரில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எப்படி அங்கிள்?" என்றேன்.

"பியாசா" என்றார்.